மழுங்கிய சைலன்சர் நட்டு: நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

100 சிசி பைக். சைலன்சர் குழாய் ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) சேரும் இடத்தில் புகை கசிவு, ஆக்சிலரேட்டரை விட்டால் ‘பட் பட்’. கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் வளையம்) மாற்ற இரண்டே நட்டு கழற்றினால் போதும்: 6 எம்எம் ஸ்டட் (ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பி), அதன் மேல் 10 எம்எம் ஸ்பேனர் பிடிக்கும் 10 எண் நட்டு. இடது பக்கம் சுலபமாக வந்தது. வலது பக்க நட்டில் ஆறு மூலையில் நான்கு மழுங்கல். வாய் திறந்த ஸ்பேனரின் வேலை. அது இரண்டு மூலையைத்தான் பிடிக்கும். 12 மூலை ரிங் ஸ்பேனரும் துருப்பிடித்த நட்டுக்கு ஆகாது. 6 மூலை பாக்ஸ் ஸ்பேனர் நட்டின் தட்டைப் பக்கத்தில் அழுத்துவதால் வழுக்கும் வாய்ப்பு குறைவு.

கம்பி பிரஷ்ஷால் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேய்த்தாயிற்று. பலரும் விடும் வேலை இது. நட்டு வெளியே வருவது அந்த மரை வழியாகத்தான். அங்கே துரு இருந்தால் இளகிய நட்டும் பாதி வழியில் மறுபடி இறுகும். பிறகு துரு இளக்கும் எண்ணெய், இரவுக்குள் மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் நாலு சொட்டு. நனைந்தால் போதும், குளிப்பாட்ட வேண்டாம்.

ஜூன் 8, ஞாயிறு

மூன்று நூல் பாக்ஸ், அதாவது 3/8 அங்குலம், 9.5 எம்எம். 10 எம்எம் நட்டு மழுங்கினால் இதைச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஏற்றலாம். உள்ளே இருப்பது அலுமினிய ஹெட், ஓங்கி அடிக்கக் கூடாது. ஏறி உட்கார்ந்தது.

முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, பிறகு கழற்றும் பக்கம். ‘கிறீச்’ என்றால் துரு விடுகிறது. சத்தமே இல்லாமல் ரப்பர் போல வளைந்து கொடுத்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் நட்டு அசையவில்லை, ஸ்டட் முறுகுகிறது. இங்கே இரண்டாவதுதான். நிறுத்தியாயிற்று. இன்னும் கால் சுற்று போயிருந்தால் ஸ்டட் ஒடிந்திருக்கும்.

ஒடிந்தால் கதை வேறு. நடுவில் பஞ்ச் குத்தி, 5 எம்எம் துளை போட்டு, 6×1 டாப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி; 6 எம்எம் விட்டம், 1 எம்எம் மரை இடைவெளி) ஓட்ட வேண்டும். துளை ஓரமாகப் போய்விட்டால் 6.3 எம்எம் துளையும் ஹெலிகாயிலும் (புது மரையாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்). ஈஸி அவுட்டை (ஒடிந்த ஸ்டட்டைத் துளையிட்டு, உள்ளே இறுக்கிச் சுற்றி எடுக்கும் கருவி) இந்தச் சின்ன ஸ்டட்டில் நம்ப வேண்டாம். அது உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறவே ஏறாது.

கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்குவது நல்ல வழி. ஆனால் பெட்ரோல் டேங்க்கையும் கார்பரேட்டரையும் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, எண்ணெயையும் துடைத்துவிட்டுத்தான். அவ்வளவு கழற்றுவதற்கு நட்டை அறுப்பதே மேல்.

ஜூன் 14, சனி

நட்டு மலிவு, ஸ்டட்தான் முக்கியம். ஹாக்ஸா பிரேமைக் கழற்றிவிட்டு, அங்குலத்துக்கு 24 பல் பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து, ஸ்டட்டை ஒட்டி நட்டின் முகத்திலிருந்து குழாய்ப் பட்டையை (நட்டு அழுத்திப் பிடிக்கும் குழாயின் விளிம்புத் தகடு) நோக்கி அறுப்பு. ஒரு பக்கத்தில் சதை 2 எம்எம்தான். மரையைத் தொடாமல் கொஞ்சம் வெளியே தள்ளி அறுக்க வேண்டும். பட்டைக்கு அரை எம்எம் முன்பே நிறுத்தி, கீறலில் சின்ன உளியை வைத்து இரண்டு தட்டு. நட்டு வாய் பிளந்தது. கையாலேயே சுற்றி எடுக்க வந்தது. உள்ளே செங்கல் பொடி போல துரு.

ஜூன் 15, ஞாயிறு

ஸ்டட்டில் 6×1 டை (கம்பியின் வெளியே மரை வெட்டும் கருவி) ஓட்டி மரையைச் சுத்தம் செய்தாயிற்று. புது கேஸ்கெட், புது நட்டு இரண்டு. மரையில் காப்பர் பேஸ்ட் (சூட்டில் நட்டு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க) மெல்லிய பூச்சு. இரண்டு நட்டையும் கையால் ஏற்றிவிட்டு மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக முடுக்கினால் பட்டை சாய்ந்து மறுபடி கசியும். 6 எம்எம் மரைக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். பேஸ்ட் போட்டிருப்பதால் அதற்கும் சற்றுக் குறைவாக.

எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டி, முழுதாக ஆறவிட்டு மறுபடி பார்த்ததில் வலது நட்டு கால் சுற்றுக்கும் குறைவாக இறங்கியது.