ஆப்பு ஆப்பா வர்ற பிரட்

மார்ச் 3, 2024, ஞாயிறு

மூணாவது தடவையா வீட்ல பிரட் சுட்டேன். நல்லா உப்பி வந்துச்சு, வாசனை வேற வீடு பூரா, அப்புறம் எங்க பொறுமை, ஓவன்ல இருந்து எடுத்து பத்து நிமிஷத்துல கத்திய வச்சுட்டேன். நடுவுல பிசின் மாதிரி கத்தியில ஒட்டிக்கிச்சு, மேல்பக்கம் அப்படியே அமுங்கிப் போச்சு. வேகாம இல்ல, எடுக்கும்போதே தெர்மாமீட்டர் குத்திப் பார்த்தேன், 96 டிகிரி.

மார்ச் 5, செவ்வாய்

விஷயம் பிடிபட்டுச்சு. சூடா இருக்கும்போது உள்ள ஸ்டார்ச் இன்னும் இறுகாம கொழகொழன்னு இருக்குமாம், ஆவியும் பாதி உள்ளயே நிக்குமாம். ஆற ஆறத்தான் கெட்டியாகி கத்திக்கு ஈடு குடுக்கும். அடுத்த வாட்டி ரெண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போறதில்ல.

மார்ச் 10, ஞாயிறு

கம்பி ஸ்டாண்டுல வச்சு ரெண்டு மணி நேரம் காத்திருந்தேன் (ஒன்னே முக்கால்னு வச்சுக்கோங்க). பிசுபிசுப்பு சுத்தமா இல்ல. ஆனா ஸ்லைஸ் எல்லாம் கோணல்! ஸ்கேல் வச்சு அளந்தா மேல 1 செ.மீ., அடியில 2. டோஸ்டர்ல போட்டா மெலிசு பக்கம் கருகுது, தடி பக்கம் வெள்ளையாவே இருக்கு. அம்மா ஒன்ன கையில எடுத்து, "இது திங்கவா, கதவு அடிச்சுக்காம இருக்க கீழ சொருகவா"ன்னு கேட்டாங்க.

மார்ச் 13, புதன்

கத்திய லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். ரம்பப் பல்லு ஒரு பக்கம் மட்டும்தான் சரிவா தீட்டியிருக்கு, இன்னொரு பக்கம் தட்டை. என் கத்தியில சரிவு வலது பக்கம், அதனால கீழ இறங்க இறங்க இடது பக்கமா, அதாவது லோஃபுக்குள்ளயே (வெட்டாத முழு பிரட்டுக்குள்ள) நழுவுது. அதான் அடி தடிமனா வருது. இவ்ளோ நாளா என் கையத்தான் திட்டிட்டு இருந்தேன். இருந்தாலும் அமுக்குறது என் தப்புதான், அமுக்க அமுக்க இன்னும் நழுவும், ரம்பம் மாதிரி நீளமா இழுத்தாலே அதுவா இறங்கும்.

மார்ச் 17, ஞாயிறு

இன்னிக்கு லோஃப பக்கவாட்டுல படுக்க வச்சேன். நிக்க வச்சு வெட்டும்போது கடைசில அடி க்ரஸ்ட் (பிரட்டோட கெட்டியான மேல்தோல்) முரண்டு பிடிக்கும், நாமளும் ஓங்கி அமுக்குவோம், அங்கதான் கோணும். படுக்க வச்சா மேல் க்ரஸ்ட், அடி க்ரஸ்ட் ரெண்டயும் கத்தி ஒன்னாவே அறுத்துட்டுப் போகுது. ஸ்கேல் வச்சு 12 மி.மீ.க்கு ஒரு கீறல், கண்ணு கத்தி மேல இல்லாம அந்தப் பக்க விளிம்பு மேல, நழுவுறதுக்கு ஈடா மணிக்கட்ட லேசா வலது பக்கம் திருப்பிக்கிட்டேன்.

ஓட்டோ ரோவெடர்ங்கிறவர் பிரட்ட ஸ்லைஸ் போடுறதுக்குன்னே ஒரு மெஷின் கண்டுபிடிச்சிருக்காரு, அதுல வெட்டுன பிரட் 1928 ஜூலை 7ல அமெரிக்காவுல மிசௌரி மாகாணத்து சிலிகாத்தில விற்பனைக்கு வந்துச்சு. வெட்டுனா சீக்கிரம் காஞ்சிடுமேன்னு பேக்கரிக்காரங்க அப்பவே தயங்கினாங்களாம். நியாயம்தான், நானும் மிச்சத்த கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சுட்டேன். சும்மா ஃப்ரிட்ஜ்ல வச்சா வெளிய இருக்கறத விட சீக்கிரம் வறவறன்னு ஆயிடும்.

14 ஸ்லைஸ், 12 சரியா வந்துச்சு. கடைசி ரெண்டு கோணல், லோஃப் குட்டியானதும் பிடிக்க இடமில்ல, விரல் பயம். அம்மா அந்த ரெண்டயும் தேடி எடுத்து முதல்ல தின்னாங்க.