நேவிக்குள் கறுப்பு, வெள்ளைக்குள் நீலம்

சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கிறவர்களிடம் பிடித்த கலர் எது என்று கேட்டால் யோசிப்பார்கள். பிடிக்காத கலர் எது என்று கேளுங்கள், பட்டென்று பதில் வரும். என் பதில் நீலம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் துணியில் ஏற்றி, எங்கேயோ ஐரோப்பாவில் உட்கார்ந்திருக்கும் பையர் ‘அப்ரூவ்டு’ என்று மெயில் போடும்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆள் பாதியாகிவிடுவோம். திருப்பூரில் எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் டர்க்காய்ஸ் என்ற பச்சை கலந்த நீலத்தின் பேரைச் சொல்லிப் பாருங்கள், முதலில் ஒரு பெருமூச்சு வரும்.

வேலை இதுதான். பையர் ஒரு பேண்டோன் நம்பர், அதாவது கலருக்கான அடையாள எண், அனுப்புவார். நாங்கள் துண்டுத் துணியில் சாயம் ஏற்றிப் பார்ப்போம், அதற்கு லேப் டிப் என்று பெயர். பார்ப்பதற்கு லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி. உள்ளே சாம்பல் நிறப் பூச்சு, மேலே வகைவகையான விளக்குகள். டி65 போட்டால் பகல் வெளிச்சம். டிஎல்84 போட்டால் வெளிநாட்டுக் கடைகளின் டியூப்லைட். இன்னொரு சுவிட்சைத் தட்டினால் பழைய குண்டு பல்பு. பகல் வெளிச்சத்தில் பையர் அனுப்பிய துண்டும் நாங்கள் போட்ட துண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். குண்டு பல்புக்கு மாற்றியதும் எங்களுடையது மட்டும் சிவப்படிக்கும். டையிங் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இப்பத்தான் சரியா இருந்துதுங்களே?” என்பார்.

சரியாகத்தான் இருந்தது, அந்த வெளிச்சத்துக்கு. கலவையில் இருக்கும் சாயங்கள் வேறு வேறாக இருந்தால் ஒரு விளக்கில் ஒன்றாகவும் இன்னொரு விளக்கில் வேறாகவும் தெரியும். மெட்டமெரிசம் என்போம். ஜவுளிக்கடையில் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பார்க்கிற பெண்களுக்கு டி65 என்ற பேர் தெரியாதே ஒழிய சங்கதி தெரியும். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும்.

லேபுக்குப் புதிதாக வரும் பையன்கள் நம்ப மறுக்கும் விஷயம் ஒன்று உண்டு. ரியாக்டிவ் பிளாக் 5 என்று ஒரு சாயம். பேரே கறுப்பு. அதைக் குறைவாகப் போட்டுத் துணியை எடுத்தால் நேவி ப்ளூ வரும். அளவைக் கூட்டி, ஆரஞ்சோ சிவப்போ சேர்த்து நீலத்தை அமுக்கினால்தான் கறுப்பு கறுப்பாகும். அதாவது நீங்கள் போட்டிருக்கும் கறுப்பு டீசர்ட் பெரும்பாலும் அடக்கி வைக்கப்பட்ட ஒரு நீலம். நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. கோயிலில் பெருமாள் கருங்கல்லில் நிற்கிறார், சிவகாசிக் காலண்டரில் அவரே நீலமாக இருக்கிறார். கார்மேகவண்ணன் என்று கும்பிட்டுவிட்டு நீலமேகம் என்று பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். யாரும் டோன் சரியில்லை என்று திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

கறுப்புக்குள் இருப்பது போலவே வெள்ளைக்குள்ளும் நீலம் இருக்கிறது. இதை எனக்குக் கல்லூரி சொல்லித்தருவதற்கு வெகு காலம் முன்பே அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காட்டிவிட்டார். எங்கள் ஊர் காங்கயம் பக்கம். அவர் வீட்டுக்காரர் அப்பிச்சிக்கு வெள்ளை வேட்டி தவிர வேறு உடுப்பு கிடையாது. நீலப் பொடியை அப்படியே தண்ணியில் கொட்ட மாட்டார் அம்மிச்சி. பழைய வேட்டிக் கிழிசலில் ஒரு கரண்டி பொடியை வைத்து இறுக்க முடிந்து, கிணற்றுத் தண்ணி நிறைத்த அலுமினியப் போசியில் முடிச்சை விட்டு அலசுவார். நூல் நூலாக நீலம் இறங்கும். உள்ளங்கையில் தண்ணியை அள்ளி வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்; ரேகை தெரிந்தால் சரி, மறைந்தால் இன்னொரு சொம்பு தண்ணி. பொடி கரையாமல் திட்டு விழுந்தால் அந்த வேட்டி தோட்டத்துக்குத்தான் போகும். பக்கத்து வீட்டில் ஒருவர் கூடுதலாகப் போட்டுப் போட்டு வானத்தையே உடுத்திக்கொண்டு கோயிலுக்கு வருவார். அவரைப் பற்றி அம்மிச்சி சொன்னதை இங்கே எழுத முடியாது. இதில் வேடிக்கை, அம்மிச்சிக்கு நீலம் என்றால் அந்தப் பொடி மட்டும்தான். சேலை நீலமாக இருந்தால் அது ‘ஊதாச் சேலை’.

பருத்தி நாளாக ஆக மஞ்சளடிக்கும். கொஞ்சம் நீலம் சேர்ந்தால் மஞ்சள் அமுங்கிக் கண்ணுக்கு வெள்ளை என்று படும். அவ்வளவுதான் வித்தை. அந்தப் பொடியின் பெயர் அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய ராஜாவர்த்தக் கல்லை அரைத்து எடுத்தது. ஐரோப்பிய ஓவியர்கள் தங்கம் மாதிரி பத்திரப்படுத்திப் பயன்படுத்தினார்கள். 1820களில் பிரான்சில் அதைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகு விலை விழுந்து, காங்கயத்து மளிகைக் கடை வரைக்கும் வந்தது. சுண்ணாம்பில் கலந்து வீட்டுச் சுவருக்கும் அடித்தோம். அப்புறம் சொட்டு நீலம் வந்து முடிச்சுக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது பனியன் துணிக்கு ஆப்டிகல் ஒயிட்னர் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும் சரக்கு. லைட் பாக்ஸில் யூவி விளக்கை மட்டும் போட்டால் வெள்ளை பனியன் நீலமாக எரியும். வெள்ளையிலும் ப்ளூ டோன், ரெட் டோன் என்று பையர்கள் சண்டை போடுவார்கள் என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

டர்க்காய்ஸுக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் தென்னைக்கு மழைக்காலத்தில் குருத்தழுகல் வரும். அப்பா போர்டோ கலவை கலப்பார். ஒரு கிலோ மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, ஐம்பது லிட்டர் தண்ணியில் பிளாஸ்டிக் டிரம்மில் கரைப்பது, ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை இன்னொரு ஐம்பது லிட்டரில் நீர்த்து வைப்பது, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குவது. மாற்றி ஊற்றக்கூடாது. கலந்ததும் வெளிர் நீலத்தில் பால் மாதிரி திரளும். பிறகு அருவாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கி உள்ளே விட்டு எடுப்பார். அலகில் செம்பு படிந்து சிவந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, பயிரைச் சுட்டுவிடும். இன்னும் சுண்ணாம்பு வேண்டும். இது பிறந்த கதையும் நல்ல கதை. பிரான்சில் போர்டோ பக்கம் ரோட்டோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க, விஷம் மாதிரி தெரியட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் இல்லாததை மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்து, 1885இல் எழுதி வெளியிட்டார்.

எங்கள் லேபில் இருக்கும் டர்க்காய்ஸ் சாயத்தின் நடுவிலும் அதே செம்புதான் உட்கார்ந்திருக்கிறது. தாலோசயனைன் என்ற பெரிய கூண்டுக்குள் ஒரு செம்பு அணு. கூண்டு பெரிது என்பதால் நூலுக்குள் லேசில் நுழையாது. மற்ற சாயமெல்லாம் 60 டிகிரியில் ஏறும்போது இதற்கு 80 டிகிரி வரை சூடு காட்ட வேண்டும். அப்படியும் ஒரு பங்கு ஒட்டாமல் தண்ணியோடு போகும். எத்தனை முறை சோப்பில் அலசினாலும் தண்ணி நீலமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். அப்பா பழைய நினைப்பில் ஒருநாள், “துத்தத்தையே கரைச்சுத் துணிய முக்குனா ஆகாதா?” என்று கேட்டார். ஆகாதுங்கப்பா, ஒரு அலசலில் போய்விடும் என்றேன். “அப்ப உங்குளுதும் அப்படித்தான போவுது” என்றார்.

இவ்வளவு பாடுபட்டு நாங்கள் ஏற்றும் கலரை, ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் சாயமே இல்லாமல் காட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு எரிச்சல் வருவதே அங்கேதான். காரமடை தாண்டி மேட்டுப்பாளையம் போகும்போது எதிரே நீலகிரி நிற்கும். குறிஞ்சி பூப்பதால்தான் அந்தப் பேர் என்று காரில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை; 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. மலை தினமும் நீலமாகத்தான் இருக்கிறது. நமக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. கல்லாறு தாண்டிக் கிட்டத்தில் போனால் எல்லாம் பச்சை.

கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை பறந்தால் இறக்கையில் இரண்டு நீலம் தெரியும். அதன் ஒரு நீலச் சிறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பழுப்பாகத்தான் இருக்கும். மயில் கழுத்தும் அப்படியே. உள்ளே இருப்பது கருப்பு கலந்த பழுப்பு நிறமி, மேலே உள்ள நுண்ணிய அடுக்குகள் நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புகின்றன. ஜவுளிக்கடையில் ‘மயில் கழுத்துக் கலர்’ கேட்டால் பாவுக்கு நீலம், ஊடைக்குப் பச்சை போட்ட சேலையை எடுத்துக் காட்டுவார்கள். தறிக்காரர் மயிலுக்கு ஓரளவு கிட்டே வந்துவிட்டார். நாங்கள் பனியன் துணியில் அந்தப் பக்கமே போக முடியாது.

மயிலைப் பற்றிக் கவிதையாகப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கத்துத் தக்காளிக் காட்டுக்கு வர வேண்டும். 1963இல் தேசியப் பறவை ஆனது. வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பு. போதாததற்கு முருகன் வாகனம், அவர் கோயில் இருக்கும் சிவன்மலை வேறு பக்கத்திலேயே. கல்லெறியக்கூட யோசிப்பார்கள். அதனால் காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிவைக்கிறார்கள். வரிசையாக ஊதாச் சேலைகள் காற்றில் ஆட, அந்தப் பக்கம் மயில் நின்று தக்காளி தின்னும்.

ஆற்றைப் பற்றி எழுதாமல் திருப்பூர்க்காரன் நீலத்தைப் பற்றி எழுதக்கூடாது. வெள்ளியங்கிரியில் கிளம்பும் நொய்யல் எங்கள் ஊரைத் தாண்டும்போது என்ன கலரில் போகிறதோ, அந்த வாரம் அந்த ஆர்டர் ஓடுகிறது என்று கிண்டலாகச் சொல்வார்கள். கீழே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணி தேங்கி, பாசனத்துக்குத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்ற ஏற்பாட்டுக்கு வந்த பிறகே தொழில் மறுபடி எழுந்தது.

இதில் எனக்கு ஒரு மாறாத கருத்து உண்டு. கலர் வெறும் காட்டிக்கொடுக்கிற ஆள், குற்றவாளி உப்பு. அடர் நீலம் ஏற்ற லிட்டருக்கு 60, 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளுவது அதுதான். வேலை முடிந்ததும் முழுதாகத் தண்ணியிலேயே நிற்கும். கலரை எடுப்பது சுலபம். உப்பை எடுக்க ஆர்ஓ வேண்டும், அப்புறம் ஆவியாக்கிக் காய்ச்ச வேண்டும், கரண்டும் விறகும் செலவாகும். பாலத்தின் மேல் நின்று ‘தண்ணி தெளிஞ்சிருச்சு’ என்று சொல்கிறவர்களைப் பார்த்தால், தண்ணியில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கையில் கொடுக்கலாமா என்று இருக்கும். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டால், சம்பளம் பட்டறையில், தோட்டம் காங்கயத்தில்.

அதே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது கல் பட்டை தீட்டிய தொழில் நடந்ததற்கான தடயங்கள் குவியலாகக் கிடைத்தன. நீலக்கல், பெரில், சூதுபவளம், பளிங்கு, பாதியில் விட்ட மணி, துளை போடும்போது உடைந்த மணி. ரிஜெக்ஷன் சரக்கு, வேறென்ன. காங்கயத்துக்குப் பக்கத்தில் படியூரில் எடுத்த பெரில் கடல் நிறத்தில் இருக்கும். இரும்பு கலந்ததால் வந்த நீலம். ரோமாபுரிக்கு அந்தக் கல்மேல் தீராத ஆசை. இந்தியாதான் பெரிலுக்கு ஊர், கடல் தண்ணி மாதிரிப் பச்சையாக இருப்பதே உசத்தி என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கோவைப் பக்கம் வெள்ளலூரில் ரோமானியக் காசுகள் புதையலாகக் கிடைத்ததை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். இந்த மண்ணிலிருந்து கடல் தாண்டிப் போன நீலத்துக்கு ஏற்றுமதி ஆர்டர் அப்போதே இருந்திருக்கிறது. பையர் மட்டும்தான் மாறியிருக்கிறார்.

கொடுமணலில் கிடைத்த அந்த நீலக்கல்லை இப்போது எங்கள் பக்கம் போடப் பயப்படுகிறார்கள். நீலம் சனீஸ்வரனுடைய கல். ஒத்துக்கொண்டால் தூக்கிவிடும், இல்லையென்றால் கவிழ்த்துவிடும். தலையணைக்குக் கீழே மூன்று ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மோதிரத்தில் கட்ட வேண்டும். மாமாவுக்கு ஏழரை நடந்தபோது ஜோசியர் சொல்லி ஒரு நீலக்கல் வாங்கிவந்தார். இரண்டாம் ராத்திரி போர் மோட்டார் எரிந்துவிட்டது. கொங்கு நாட்டில் லோ வோல்டேஜுக்கு எரியாத மோட்டார் எது? இருந்தாலும் விடிந்ததும் கல்லைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். கடைக்காரர் பணத்தைத் தரவில்லை, பதிலுக்குப் புஷ்பராகம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இரண்டும் குருந்தம் என்ற ஒரே கனிமம்தான் மாமா, டைட்டானியமும் இரும்பும் சேர்ந்தால் நீலம், வெறும் இரும்பு என்றால் மஞ்சள் என்று சொல்லிப் பார்த்தேன். “நீ உன்ற சாயத்தப் பாரு கண்ணு” என்றுவிட்டு மோதிர அளவு கொடுக்கப் போய்விட்டார்.