டியூப்லைட் என்ற பட்டம்

சொன்னது சற்றுத் தாமதமாகப் புரிகிறவரை 'டியூப்லைட்' என்று கேலி செய்யும் வழக்கம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இன்னும் இருக்கிறது. ஆனால் வீடுகளில் இப்போது எரிவது எல்இடி. சுவிட்சைத் தட்டிய கணமே பளிச்சென்று எரிந்துவிடுகிறது. அண்ணன் மகனை அப்படிச் சொன்னபோது, "நான் அவ்வளவு வேகமா, சித்தப்பா?" என்று மகிழ்ச்சியோடு கேட்டான்.

பழைய குழல்விளக்கின் தயக்கத்துக்கு முறையான காரணம் உண்டு. ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு கண்ணாடிக் குமிழில் வாயு ஒளிர்ந்து, அங்குள்ள ஈருலோகத் தகட்டைச் சூடாக்கும். தகடு வளைந்து தொட்டதும் குழலின் இரு முனை இழைகளும் சூடேறும். பிறகு தகடு ஆறி விலகும் கணத்தில் சோக் என்ற கம்பிச்சுருள் எழுப்பும் உயர் மின்னழுத்தத்தால் பாதரச ஆவியின் வழியே மின்சாரம் பாய்ந்து விளக்குப் பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தோட்டத்து ஜெனரேட்டரை நம்பியிருந்த காலத்தில், தொழிலாளர்களின் லயத்து வீடுகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் விளக்குப் போடும் அந்தி வேளையில் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும் என்பதால், முனைகள் மட்டும் சிவந்து நடுக்குழல் இருண்டே கிடக்க, யாராவது ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிவிட வேண்டியிருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேலி மிகத் துல்லியமானது. மக்கு என்றால் அத்தோடு முடிந்தது; டியூப்லைட் என்றாலோ, முயன்றுகொண்டிருக்கிறான், எரிந்துவிட்டால் பக்கத்திலுள்ள குண்டு பல்பைவிட வெளிச்சம் தருவான் என்று பொருள்.

எல்லா வழக்குகளுக்கும் இந்தக் கதி நேர்வதில்லை. இந்தியாவில் தந்திச் சேவை 2013இல் நின்றுபோனாலும், குளிரில் பற்கள் இன்னும் தந்தியடிக்கின்றன. கருவியைக் காணாதவருக்கும் அந்த நடுக்கம் விளங்கிவிடுகிறது. கீறல் விழுந்த ரெக்கார்டும் அப்படித்தான் தப்பித்திருக்கிறது. (நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழலும் இசைத்தட்டில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, ஊசி ஒரே பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் அந்தத் துண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்கும். நச்சரிப்பவர்களின் வாக்கியங்களும் ஏறக்குறைய அதே நீளந்தான்.) டியூப்லைட்டின் சிக்கல் வேறு: பொருள் மாறிய பின்னும் பெயர் மாறவில்லை, எல்இடிக் குழலையும் நாம் டியூப்லைட் என்றே அழைப்பதால், கேலி பாராட்டாகத் தலைகீழாகிவிட்டது.

பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கையின்படி, பழைய குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்துவதென உறுப்பு நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. இளையவர்கள் அதற்குக் காத்திருக்காமல் 'லோடிங்' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. லோடிங் ஆகிக்கொண்டிருப்பது பாதியில் நின்றுபோகவும் கூடும், அதற்குத் திருகிவிட ஒரு ஸ்டார்ட்டரும் இல்லை.