நிற்கத் தெரியாத ஓடையும் நிரம்பிவிடும் பேட்டரியும்

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓர் ஓடை இறங்குகிறது. மின்வாரியக் கம்பி அந்தச் சரிவுக்கு இன்னும் வரவில்லை. கூரையில் சோலார் தகடுகள் உண்டு; ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி இறங்கிவிட்டால் நாள் கணக்கில் அவை பெயருக்குத்தான் இருக்கும். ஓடை பெருகி ஓடுவதும் அதே மாதங்களில்தான். அதனால் அதில் சிறிய டர்பைன் (நீரின் வேகத்தில் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் சக்கரம்) ஒன்றை வைத்து, வீட்டில் இருந்த 48 வோல்ட் பேட்டரியோடும் இன்வெர்ட்டரோடும் இணைத்தோம்.

முதலில் அளந்தோம். ஓடை நீரைக் குழாய் வழியே திருப்பிப் பிடித்தால் 20 லிட்டர் வாளி 4 விநாடியில் நிறைந்தது. அதாவது விநாடிக்கு 5 லிட்டர். உயரத்தை அறிய, மேலிருந்து கீழ்வரை ஒரு ஹோஸில் நீரை நிரப்பி அடியில் பிரஷர் கேஜ் மாட்டினோம். முள் 3.5 பாரில் நின்றது. ஏறத்தாழ 36 மீட்டர். நீரின் அளவு, உயரம், புவியீர்ப்பு எண் மூன்றையும் 5 × 36 × 9.81 என்று பெருக்கினால் 1,766 வாட். குழாய், சக்கரம், ஜெனரேட்டர் எல்லாம் தத்தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு இதில் பாதிதான் கைக்கு வரும். அந்த 850 வாட்டைக் குறைவென்று எண்ணக் கூடாது. இரவும் பகலும் வருவதால் நாளுக்கு 20 யூனிட். இதே அளவைச் சோலாரில் எடுக்க, நல்ல வெயிலிலேயே 5 கிலோவாட் தகடு வேண்டும்.

“தம்பி, 63 மில்லிமீட்டர் குழாயே போதும், செலவு பாதியாகும்” என்றார் பிளம்பர் அண்ணன். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 140 மீட்டர் நீளத்துக்கு அந்தக் குழாயில் உராய்வில் மட்டுமே ஒன்பது மீட்டருக்கு மேல் உயரம் வீணாகும். 90 மில்லிமீட்டரில் இரண்டு மீட்டர்கூட ஆகாது. கால்வாசி மின்சாரத்தை ஆயுள் முழுக்க இழப்பதைவிடக் குழாய்க்கு ஒருமுறை செலவழிப்பது மேல். கணக்கைக் காட்டியதும் அவரும் ஒத்துக்கொண்டார். டர்பைனைத் தாண்டி வரும் நீர் முழுவதும் அதே ஓடையில் விழுகிறது. கீழ்த்தோட்டக்காரர்களிடம் இதை முன்கூட்டியே நேரில் விளக்கிவிட்டோம்.

பேட்டரி எதற்கு? பழம் உரிக்கும் இயந்திரத்தின் 1 ஹெச்.பி. மோட்டார், கிளம்பும் நொடியில் தன் அளவைப்போலப் பல மடங்கு இழுக்கும். 850 வாட் டர்பைனோடு நேரடியாக இணைத்தால் அது தாங்காது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் நடுவில் இருந்தால் அந்த இழுப்பை அவை பார்த்துக்கொள்ளும். டர்பைன் தன் பாட்டுக்கு நிரப்பிக்கொண்டிருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. பேட்டரி நிரம்பியதும் சோலார் தகட்டைத் துண்டித்துவிட்டால் அது சும்மா கிடக்கும். டர்பைனைத் துண்டித்தால் தறிகெட்டு ஓடும். சுமை இல்லாத சக்கரம் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் எடுக்கும். மின்னழுத்தமும் கூடவே ஏறும். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை இணைக்கும் முன், குழாயின் கேட் வால்வை மெல்லத் திறந்து மல்டிமீட்டரில் பார்த்தோம். சுமையோடு 80 வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் எண்கள் 100, 130 என்று ஏறி 170ஐத் தாண்டின. 150 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் சோலார் கன்ட்ரோலரை அங்கே மாட்டியிருந்தால் அப்போதே கருகியிருக்கும். நாங்கள் எடுத்தது 250 வோல்ட் தாங்குவது, நீர் டர்பைனுக்கென்று தனி அமைப்பும் உள்ளது. மிட்நைட் கிளாசிக் போன்ற சில கன்ட்ரோலர்களில் இந்த வசதி இருக்கிறது.

அதோடு விடவில்லை. லித்தியம் பேட்டரியைக் காக்க அதற்குள்ளேயே இருக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணுப் பலகை ஏதோ காரணத்தால் இணைப்பைத் துண்டித்துவிட்டால், பேட்டரிப் பக்கம் இருக்கும் பாதுகாப்பை மட்டும் நம்ப முடியாது. எனவே மின்னழுத்தம் எல்லை தாண்டினால் தானாக இயங்கும் ஒரு ரிலே சுவிட்சும், டர்பைனின் முழு மின்சாரத்தையும் விழுங்கக்கூடிய ஹீட்டர்களும் கன்ட்ரோலருக்கு முன்னாலேயே இருக்கின்றன. இவை காற்றில் ஆறும் கம்பிச்சுருள்கள். பேட்டரி நிரம்பிய பின் வரும் அன்றாட உபரி மட்டும் தண்ணீர் டிரம்மில் உள்ள ஹீட்டருக்குப் போகிறது. டிரம் வற்றினால் அந்த ஹீட்டர் எரிந்துவிடும் என்பதால் பாதுகாப்பை அதன் பொறுப்பில் விடவில்லை. மார்கழிக் குளிரில் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் வெந்நீர் கிடைக்கிறது. எனக்கு இதில்தான் மனநிறைவு அதிகம்.

அன்றாட வேலை என்றால் இலைதான். மழை அடித்து ஓய்ந்ததும் சில்வர் ஓக் சருகுகள் மேல்தொட்டியின் சல்லடையை மூடிவிடும். யாராவது ஏறிப்போய் வழித்துவிட வேண்டும். வால்வை எப்போதும் மெதுவாகத்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் ஓடிவரும் நீரின் மோதலில் குழாயே பிளக்கும். பங்குனியில் ஓடை விநாடிக்கு ஒரு லிட்டராக இளைக்கும்போது சக்கரத்தின் மீது நீரைப் பீய்ச்சும் இரண்டு நாசில்களில் (குழாய் முனைகளில்) ஒன்றை மூடி, மற்றதன் இடத்தில் சிறிய துளையுள்ளதை மாட்டுகிறோம். அப்போது கிடைப்பது 150 வாட்டுக்குச் சற்று அதிகம். அந்த மாதங்களில் வெயில் சுள்ளென்று அடிப்பதால் பகல் பாரத்தைத் தகடுகள் சுமக்கின்றன. இரவு விளக்குகளுக்கும் சிறிய குளிர்ப்பெட்டிக்கும் ஓடை தருவது போதுமாக இருக்கிறது.