முட்டும் பயமும்: என் போனில் எழுதிவைத்த கணக்கு

சின்ன வயதிலிருந்தே எனக்கு முட்டு, அதாவது ஆஸ்துமா. உயர்தரம் படிக்கும்போது பயமும் சேர்ந்துகொண்டது. மட்டக்களப்பின் படுவான்கரையில் பெரும்போக அறுவடை தொடங்கினால் தூசும் வைக்கோல் புகையும்தான். முட்டு வந்துவிடுமோ என்று நினைத்தாலே நெஞ்சு இறுகும். முட்டு வரும்போது உறிஞ்சும் நீலப் பம்ப்பை (இன்ஹேலர்) அடித்தால் கை நடுங்கும், படபடக்கும். அது சல்பியூட்டமோல் மருந்தாலும் வரும் என்று தெரியாததால் இன்னும் பயந்தேன்.

கிளினிக்கில் தினமும் எடுக்கும் தடுப்புப் பம்ப்போடு, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரையும் பாவிக்கச் சொன்னார்கள். நமது சிறந்த அளவில் 80 வீதத்துக்கு மேல் பச்சை, 50க்கும் 80க்கும் இடையில் மஞ்சள், 50க்குக் கீழே சிவப்பு. எண்களைப் போன் செயலி ஒன்றில் பதிந்து வந்தேன். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்வதாகப் பார்த்து எடுத்தேன். எங்கள் பக்கம் அது முக்கியம்.

ஒருநாள் கிளினிக் மிஸ்ஸி (தாதி) அதைப் பார்த்துவிட்டு, "மகள், அந்த நேரம் மனசு எப்படி இருந்தது என்றும் எழுதுங்க" என்றார். குறிப்புப் பகுதியில் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். அதிலிருந்துதான் விஷயம் தெளிந்தது. பரீட்சை நெருங்கிய இரவுகளில் நெஞ்சு இறுகியிருக்கிறது, விரல் நுனி விறைத்திருக்கிறது, ஆனால் எண் பச்சை. வேறு சில நாட்களில் மனம் அமைதி, எண் மட்டும் மஞ்சள். அவை தூசு நாட்கள்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டினேன். கடைசி நான்கு வாரத்தில் முட்டு எப்படி இருந்தது என்று ஐந்து கேள்விகள் கேட்டார். அதில் 25க்கு 20 அல்லது அதற்கு மேல் வந்தால் முட்டு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பதற்றத்துக்கு வேறு ஏழு கேள்விகள். முட்டு பரவாயில்லை, பதற்றம்தான் கூட. மனநலப் பிரிவுக்குக் கடிதம் தந்தார். அங்கே மூச்சை மெதுவாக வெளியே விடப் பழக்கினார்கள். அதையே போனில் அதிர்வு வைத்து வீட்டில் செய்தேன். என் அனுபவத்தில், செயலியில் எழுதியதை வாசித்துக் கேள்வி கேட்க ஆள் இருந்ததால்தான் அது பயன்பட்டது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எண் பச்சை என்பதற்காக மூச்சுத்திணறலைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. டொக்டர் எழுதித் தந்தபடி பம்ப்பை அடியுங்கள், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயம்தான் என்று தெரிந்து, இரவில் கதைக்க ஆளில்லாவிட்டால் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.