எதை எடுத்துக்கொண்டு போனார்?

2025 மே 4

அப்பாவின் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். போகும்போது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அவர் எங்கேயும் போகல, உன் கூடவேதான் இருக்கார்." அன்பில் சொல்வதுதான், ஆனால் எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது. வாடிக்கையாளர்கள் கொடுத்த அளவுச் சட்டைகள் அலமாரியில் இருக்கின்றன. அவர் இல்லை.

மே 7

தூக்கம் வரவில்லை. புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த பாலி நூலான சம்யுத்த நிகாயத்தில் சுந்த சூத்திரத்தை எடுத்தேன். மகத நாட்டு நாலக கிராமத்தில் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் நோயில் விழுந்து இறந்துபோகிறார். உடனிருந்து பார்த்துக்கொண்ட இளந்துறவி சுந்தர், அவருடைய பிச்சைப் பாத்திரத்தையும் சீவர ஆடையையும் சுமந்துகொண்டு புத்தர் இருந்த சாவத்தி நகருக்கு வருகிறார். செய்தி கேட்ட ஆனந்தர், புத்தரின் அணுக்கச் சீடர், புத்தரிடம் போய்ச் சொல்கிறார்: உடம்பு மரத்துப்போன மாதிரி இருக்கிறது, திசை தெரியவில்லை, தம்மம்கூட, அதாவது புத்தரின் போதனைகூட, மனதில் வரவில்லை. புத்தர் பேசியதையெல்லாம் நினைவில் வைத்திருந்தவர் அவர்!

புத்தர் அவரை அதட்டவில்லை. கேட்கிறார்: சாரிபுத்தர் போகும்போது உன் ஒழுக்கத்தை எடுத்துக்கொண்டு போனாரா? தியானத்தை? ஞானத்தை? இல்லை என்கிறார் ஆனந்தர். ஆனால் எங்களுக்குச் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தவர், அதை நினைத்துக்கொள்கிறோம் என்கிறார். பிரியமானவை எல்லாவற்றையும் ஒருநாள் பிரிய நேரும் என்று முன்பே சொன்னேனே, பிறந்தது அழியாமல் இருக்க எப்படி முடியும் என்கிறார் புத்தர்.

மே 8

அதே கேள்வியை அப்பாவுக்குக் கேட்டுப் பார்த்தேன். கையால் காஜா எடுக்கவும், நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். அது என் விரலில் இருக்கிறது. சரி, கழுத்து வளைவில் கத்தரி தடுமாறினால் இனி யாரைக் கேட்பது? ஆனந்தரின் வருத்தமும் இதுதானே.

மே 12, புத்த பௌர்ணமி

அடுத்த சூத்திரம் என்னை இன்னும் ஆழமாகத் தொட்டது. கங்கைக் கரையில் உக்காசேலம். சாரிபுத்தரோடு இன்னொரு தலைமைச் சீடரான மொக்கல்லானரும் போய்விட்டார். அமைதியாக உட்கார்ந்திருக்கும் துறவிகளைப் பார்த்துப் புத்தர் சொல்கிறார்: அவர்கள் இல்லாமல் இந்தச் சபை எனக்குக் காலியாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட இருவர் மறைந்தும் தமக்குத் துயரமோ புலம்பலோ இல்லை என்பதையும் அதே பேச்சில் சொல்கிறார்.

பற்றை விடுவது என்றால் ஒன்றுமே உறைக்காமல் இருப்பது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. காலி இடம் அவர் கண்ணில் படுகிறது. அதைக் காலி என்றே சொல்கிறார். நிரம்பியிருக்கிறது என்று யாரையும் தேற்றவில்லை. துயரம் இல்லாமல் அந்த இடத்தைப் பார்க்க என்னால் இன்னும் முடியாது. பார்க்காமல் திரும்பிக்கொள்வதையாவது நிறுத்தலாம்.

மே 15

மணிமேகலையிலும் ஒரு கேள்வி வருகிறது. மகனை இழந்த சோழ அரசி இராசமாதேவியிடம் மணிமேகலை கேட்கிறாள்: அழுதது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கென்றால் அதைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் இட்டது யார்? நியாயமான கேள்விதான். ஆனாலும் பெற்றவளிடம் கேட்க அது கொஞ்சம் கூர்மை அதிகம் என்று படுகிறது. ஆனந்தரிடம் கேட்ட கேள்வியில், எஞ்சியிருப்பதை எண்ணிப் பார்க்க இடம் இருக்கிறது. அம்மாவிடம் பேசும்போது அதைத்தான் கேட்கப் போகிறேன்.