தீப்பந்தம் அணைந்தபோது

“பந்தத்தை அணைத்துவிடட்டுமா?” என்று நண்பர் கேட்டதும், மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

நான் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் இன்று மாலை ஆட்டத்தில் அவருடைய கதாபாத்திரம் சுரங்கப் பாதையில் தீப்பந்தத்துடன் முன்னே சென்றுகொண்டிருந்தது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் அந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, ஒரு தீப்பந்தம் 20 அடி ஆரத்துக்கு முழு வெளிச்சமும், அதற்கப்பால் இன்னும் 20 அடிக்கு மங்கலான வெளிச்சமும் தரும். அந்த இரண்டு வட்டங்களையும், ஆட்ட வரைபடத்தைக் காட்டும் கணினி மென்பொருள் திரையில் வரைந்து, சுவர்கள் மறைத்த மூலைகளை இருளாகவே விட்டிருந்தது.

பந்தம் அணைந்தது. வரைபடம் முழுவதும் கறுத்தது.

முன்பெல்லாம் வரைபடத்தைக் காகிதத்தால் மூடிவைத்துக் கட்டம் கட்டமாகத் திறந்து காட்டுவேன்; யார் கண்ணுக்கு எது தெரியும் என்று கணக்கிடுவதிலேயே கதையின் விறுவிறுப்பு வடிந்துவிடும். இப்போது யாருடைய முறை, எவ்வளவு உயிர்ப்புள்ளி மிச்சம், மந்திரம் எப்போது கலையும் என்பதையெல்லாம் கணினி நினைவில் வைத்துக்கொள்வதால், ஆடுபவர்களின் முகத்தைப் பார்த்துக் கதை சொல்ல முடிகிறது. இதற்காகவே அந்த மென்பொருளை நான் நேசிக்கிறேன்.

பகடையை மட்டும் கணினியிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை. 20 முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் வாய்ப்பு 5 சதவீதம்தான், யார் உருட்டினாலும் அது மாறாது. ஆனால் அது மேசையில் உருண்டு நிற்கும்வரை அத்தனை தலைகளும் அதன்மேல் குனிந்திருக்கும் அந்தச் சில நொடிகள் திரையில் கிடைப்பதில்லை.

இருட்டுக்குள் நண்பர் உருட்டினார். 17 விழுந்தது.